மூக்கை அளந்தவங்க, ஊர்ல தங்கினவங்க: இந்தியாவுல மானிடவியல் ஒரு தொழிலான கதை

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு டாபிக் மானிடவியல், அதாவது ஆந்த்ரோபாலஜி.

நம்ம செட்ல இந்த வார்த்தையைக் கேட்டா உடனே ஞாபகம் வர்றது யூபிஎஸ்சி. இன்ஜினியரிங் முடிச்சிட்டு அண்ணா நகர்ல கோச்சிங் சேர்ற பசங்க நிறைய பேர் ஆப்ஷனலா எடுக்குற பேப்பர் இது. "சிலபஸ் சின்னது மச்சான், சீக்கிரம் முடிச்சிடலாம்"னு யாராவது சொல்லியிருப்பாங்க. ஆனா இது ஒரு முழுநேரத் தொழில். இதுக்குப் பல்கலைக்கழகத் துறை இருக்கு, மாசச் சம்பளம் இருக்கு, அரசு அலுவலகம் இருக்கு. இந்தத் தொழில் இந்தியாவுல எப்படி உருவாச்சு, அதுல மெட்ராஸோட பங்கு என்ன, அதோட ஆரம்ப காலப் பழக்கம் ஒண்ணு இன்னிக்கும் ஒரு மாணவியோட காலேஜ் சீட்டுல எப்படி வந்து நிக்குதுன்னு பேசப் போறோம்.

கதை ஆரம்பிக்கிறது எழும்பூர் மியூசியத்துல. பழைய மெட்ராஸ்காரங்க அதை 'செத்த காலேஜ்'னு சொல்வாங்க. மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. எங்க கொருக்குப்பேட்டை ஆயாக்கள் வாயில இன்னும் இந்தப் பேருங்க வரும். பாடம் பண்ணி வெச்ச மிருகங்க இருக்கிற இடம், அதனால செத்த காலேஜ். இந்தப் பேரை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

1885ல அந்த மியூசியத்துக்குக் கண்காணிப்பாளரா வந்தவர் எட்கர் தர்ஸ்டன். லண்டன்ல மருத்துவம் படிச்சவர். மானிடவியல்ல பட்டம் எதுவும் கிடையாது, அந்தக் காலத்துல அப்படி ஒரு தொழிலே சரியா உருவாகல. நாணயம், முத்துக்குளிப்பு, பவளப்பாறைன்னு எல்லாத்துலயும் கை வெச்சவர், மெல்ல மனுஷங்க பக்கம் திரும்பினார். 1901ல இந்திய அரசு நாடு முழுக்க ஒரு இனவரைவியல் சர்வே ஆரம்பிச்சது. அதோட தலைமையில இருந்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி, அந்த வருஷத்து சென்சஸ் கமிஷனரும் அவர்தான். மெட்ராஸ் மாகாணத்துப் பொறுப்பு தர்ஸ்டன் கைக்கு வந்தது.

என்ன பண்ணாங்க? அளந்தாங்க. ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப்ல வெர்னியர் காலிப்பர் பிடிச்சிருப்பீங்கல்ல? அந்த மாதிரி கருவியை மனுஷன் தலையில, மூக்குல வெச்சாங்க. மூக்கோட அகலத்தை உயரத்தால வகுத்து, நூறால பெருக்கினா ஒரு நம்பர் வரும். அதுக்குப் பேரு நாசிக் குறியீடு. இந்த நம்பரை வெச்சு சாதியோட சமூக அந்தஸ்தையே சொல்லிடலாம்கிறது ரிஸ்லியோட வாதம். மூக்கு குறுகலா இருந்தா மேல, அகலமா இருந்தா கீழ.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு ஃபீச்சரை வெச்சு மொத்த சமூகத்துக்கும் போட்ட கிளாசிஃபையர் இது. அதுவும், ரிசல்ட் என்ன வரணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு டேட்டா எடுத்த மாதிரி. 1932ல ஜி.எஸ்.குர்யே இதே அளவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். வட இந்தியாவுல ஒரு பகுதியைத் தவிர மத்த இடங்கள்ல இந்தச் சூத்திரம் பொருந்தலைன்னு காட்டினார். நல்ல கோட் ரிவ்யூ. என்ன, வர்றதுக்கு முப்பது வருஷம் ஆயிடுச்சு.

அளக்கப்பட்டவங்க இதைப் பத்தி என்ன நினைச்சாங்க? அதுக்கான சாட்சி தர்ஸ்டன் எழுதினதுலயே இருக்கு. வயநாட்டுப் பக்கம் பணியர் மக்கள்கிட்ட போயிருக்கார். அவரைப் பார்த்ததும் பெண்கள் ஓடிட்டாங்களாம். ஏன்னா, தங்கள்ல நல்ல உடம்பா இருக்கிறவங்களைப் பிடிச்சுட்டுப் போய், பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்துல வெச்சிடுவார்னு பயம். தர்ஸ்டன் இதை ஒரு நகைச்சுவையா எழுதி வெச்சிருக்கார்.

செத்த காலேஜ் ஞாபகம் இருக்கா? எனக்கு இந்த இடம் நகைச்சுவையா தெரியல. அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. உடம்பை எடுத்துட்டுப் போகல. ஆனா அவங்களை ஒரு மாதிரிப் பொருளா, ஒரு ஸ்பெசிமனா எடுத்துட்டுப் போறாங்க. வர்றவருக்குத் தேவைப்பட்டது அவங்க அளவு. அவங்க என்ன சொல்றாங்கங்கிறது இல்ல.

இந்த அளவெடுப்பு மியூசியத்தோட நிக்கல. தர்ஸ்டன் மெட்ராஸ் போலீஸுக்கும் உடல் அளவெடுக்கிற பயிற்சி கொடுத்திருக்கார். இன்னொரு பக்கம், வடக்கே 1871லயே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில பொறந்தாலே குற்றவாளி, ரேகை வைக்கணும், பேரைப் பதியணும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, மதுரை பக்கம் பெருங்காமநல்லூர்ல அதை எதிர்த்த கள்ளர் மக்கள் மேல போலீஸ் சுட்டதுல பலர் செத்துப்போனாங்க. இதுக்கு தர்ஸ்டன்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா பிறப்பை வெச்சு ஒரு கூட்டத்தையே வகைப்படுத்தி ஃபைல்ல ஏத்துற பழக்கம், அந்தக் காலத்துல மியூசியத்துலயும் இருந்தது, போலீஸ் ஸ்டேஷன்லயும் இருந்தது.

இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதுசு இல்ல. ஆஃபீஸ்ல புதுசா சேர்ந்தவங்க "நீங்க எந்த ஏரியா?"ன்னு கேப்பாங்க. கொருக்குப்பேட்டைன்னு சொன்னா, பதில் வர்றதுக்குள்ள ஒரு செகண்ட் கேப் விழும். அந்த ஒரு செகண்ட்ல அவங்க பார்த்த நாலு சினிமா ஓடி முடிஞ்சிருக்கும். மூக்கை அளக்கல, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, 1909க்கு வருவோம். தர்ஸ்டனோட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு பாகமா மெட்ராஸ் அரசு அச்சகத்துல வெளிவந்தது. முதல் பக்கத்துல தர்ஸ்டன் பேருக்குக் கீழ 'உதவி: கே.ரங்காச்சாரி'ன்னு இருக்கும். மியூசியத்துல வேலை பார்த்தவர். ஊர் ஊரா போறதுக்கும், மொழி தெரிஞ்சு பேசுறதுக்கும் இப்படிப்பட்ட ஆட்கள் இல்லாம அந்த ஏழு பாகம் வந்திருக்காது. ஆனா ஒரு இந்தியருக்கு அந்த வேலையில கிடைச்ச பதவி 'உதவி'.

அதே 1909ல, இதே மெட்ராஸ்ல, ஹிக்கின்பாதம்ஸ் இன்னொரு புத்தகம் போட்டாங்க. 'கொச்சி குடிகளும் குலங்களும்', முதல் பாகம். எழுதினவர் எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயர். 1861ல பாலக்காட்டுப் பக்கம் பொறந்தவர், மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில படிச்சவர். எர்ணாகுளத்துல ஆசிரியரா இருந்தப்போ, கொச்சி சமஸ்தானம் இனவரைவியல் சர்வேயை அவர்கிட்ட கொடுத்தது. அதுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. வாத்தியார் வேலையையும் பார்த்துக்கிட்டு, கிடைச்ச நேரத்துல இதையும் செய்யணும். நம்ம பாஷையில சைடு ப்ராஜெக்ட்.

வடக்கே ராஞ்சியில இதே மாதிரி இன்னொருத்தர், சரத் சந்திர ராய். அவர் வக்கீல். முண்டா மக்கள் கோர்ட்டுல நிலத்தை இழந்துக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா அவங்க வழக்கம் என்னன்னு ஜட்ஜுக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. அதைப் புரிஞ்சுக்கத்தான் ராய் அவங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சார். 1912ல முண்டாக்களைப் பத்திப் புத்தகம் எழுதினார். 1921ல 'மேன் இன் இந்தியா'ங்கிற ஆய்விதழை ஆரம்பிச்சார்.

ஒரு வாத்தியார், ஒரு வக்கீல். ரெண்டு பேருக்குமே இது சோறு போட்ட வேலை இல்ல. ஒரு விஷயம் தொழிலா மாறணும்னா அதுக்குச் சில உறுப்புகள் வேணும். படிப்பு, பரீட்சை, வேலை, எழுதினதை மத்தவங்க சோதிச்சுப் பார்க்க ஒரு இதழ். அந்தப் படிப்பு 1920ல வந்தது. அசுதோஷ் முகர்ஜியோட முயற்சியில கல்கத்தா பல்கலைக்கழகம் இந்தியாவோட முதல் மானிடவியல் துறையைத் தொடங்குச்சு. பாடம் நடத்த அனந்தகிருஷ்ண ஐயரைக் கூப்பிட்டாங்க. அப்போ அவருக்குக் கிட்டத்தட்ட 60 வயசு. மத்தவங்க பென்ஷன் வாங்குற வயசுல, சைடு ப்ராஜெக்ட் அவருக்கு மெயின் வேலையாச்சு.

திரும்ப எழும்பூருக்கு வாங்க. 1940ல மியூசியத்தோட கண்காணிப்பாளரா ஏ.ஐயப்பன் வர்றார். தர்ஸ்டன் உட்கார்ந்த அதே நாற்காலி. ஐயப்பன் மலபார்ல ஈழவர் குடும்பத்துல பொறந்தவர். மேல்சாதிக்காரங்கள்ல இருந்து இத்தனை அடி தள்ளி நிக்கணும்னு கணக்கு வெச்சு விலக்கப்பட்ட சமூகம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல 1937ல டாக்டர் பட்டம் வாங்கினவர். தர்ஸ்டன் புத்தகத்துல அவர் சமூகம் ஒரு பதிவு. அந்த வீட்டுப் பையன் படிச்சு, பட்டம் வாங்கி, அதே நாற்காலியில உட்கார்ந்து, தன் சமூகம் எப்படி மாறிட்டு வருதுன்னு மியூசியத்தோட சொந்த வெளியீடாவே ஒரு ஆய்வு நூல் போடுறார்.

இதை ஒரேயடியா வெற்றிக்கதை ஆக்கிட வேண்டாம். ஐயப்பனும் உடல் அளவு எடுத்தவர்தான். அன்னைக்கு அந்தப் படிப்போட ஒரு பகுதியே அது. ஆனா கேள்வி மாறிடுச்சு. தர்ஸ்டன் காலத்துக் கேள்வி 'இவங்க எந்த வகை?'. ஐயப்பன் கேட்டது, 'இவங்க வாழ்க்கை ஏன் இப்படி இருக்கு, எப்படி மாறுது?'. முதல் கேள்விக்கு ஒரு நம்பர் போதும். ரெண்டாவதுக்கு அங்க போய் இருக்கணும்.

அந்த 'போய் இருக்கிறது' எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, அதுலயும் நம்ம பக்கத்துக்கு ஒரு இடம் இருக்கு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் 1901-02ல நீலகிரி வந்து தோடர்களோட மாசக்கணக்குல வேலை பார்த்தார். யார் யாருக்கு என்ன உறவுன்னு ஒவ்வொரு குடும்பத்தோட வம்ச வரிசையையும் கேட்டுக் கேட்டு எழுதினார். 1906ல வந்த அவரோட 'தோடர்கள்' நூல், உலக மானிடவியல்ல களப்பணிக்கு ஒரு முன்னோடி. இதே ரிவர்ஸ்கிட்ட பின்னாடி கேம்பிரிட்ஜ்ல படிச்சவர்தான் நான் முன்னாடி சொன்ன குர்யே. குர்யேகிட்ட பம்பாயில படிச்சவர் மைசூர்க்காரர் எம்.என்.சீனிவாஸ். அவர் 1948ல மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல மாசக்கணக்குல தங்கினார்.

சீனிவாஸ் கதையில நம்ம ஆளுங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. 1970 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல ஒரு ஆய்வு மையத்துல உட்கார்ந்து புத்தகம் எழுதிட்டிருந்தார். யாரோ தீ வெச்சுட்டாங்க. பதினெட்டு வருஷமா ஒழுங்குபடுத்தின குறிப்புகளுக்கு மூணு காப்பி வெச்சிருந்தார். மூணும் அதே ரூம்ல. மூணும் போச்சு. இதைக் கேட்டதும் நம்ம டெவாப்ஸ் ஆளுங்களுக்கு வயித்தைப் பிசையும். அப்புறம் அவர் ஞாபகத்துல இருந்ததை வெச்சு எழுதின புத்தகம்தான் 1976ல வந்த 'நினைவில் நின்ற கிராமம்'. தர்ஸ்டனோட அட்டவணை எரிஞ்சிருந்தா அவர் எதையும் எழுதியிருக்க முடியாது. சீனிவாஸுக்கு அந்த ஊர் மனுஷங்களைத் தெரியும்.

ஊர்ல தங்கினா மட்டும் எல்லாம் சரியாயிடுமா? ஆகாது. 1960களின் ஆரம்பத்துல ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்துல ஆய்வு பண்ணார். புத்தகத்துல அந்த ஊருக்கு ஸ்ரீபுரம்னு ஒரு மாத்துப் பேர். 1965ல வந்த அந்தப் புத்தகம் இன்னிக்கும் பாடத்திட்டத்துல இருக்கு. அவர் தங்கினது அக்ரகாரத்துல. அங்க இருந்துக்கிட்டு சேரிக்கு இயல்பா போய் வந்து பழகுறது கஷ்டமா இருந்ததுன்னு அவரே எழுதியிருக்கார். எந்தத் தெருவுல தங்குறீங்களோ, அந்தத் தெருவோட கண்ணு உங்களுக்கு ஒட்டிக்கும். அதை மறைக்காம எழுதுறதும் இந்தத் தொழில்ல ஒரு ஒழுங்கு. அந்த மாத்துப் பேரும் அப்படித்தான். நம்பிப் பேசினவங்களை அடையாளம் காட்டிக் கொடுக்கக் கூடாதுங்கிற கட்டுப்பாடு. மனுஷங்களை 'மாதிரி'யா போட்டோ எடுத்துப் போட்ட காலத்துல இருந்து இது ரொம்ப தூரம்.

இதே சமயத்துல அரசாங்கப் பக்கமும் தொழில் வளர்ந்தது. 1945 டிசம்பர்ல இந்திய மானிடவியல் ஆய்வகம் உருவாச்சு, முதல் தலைவர் பி.எஸ்.குஹா. சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் 1940கள்ல மானிடவியல் துறை வந்தது. 1985ல கே.எஸ்.சிங் தலைமையில 'இந்திய மக்கள்'னு ஒரு மாபெரும் திட்டம் ஆரம்பிச்சு, 4,635 சமூகங்களைப் பத்தி எழுதினாங்க. தமிழ்ல பக்தவத்சல பாரதி 'பண்பாட்டு மானிடவியல்' எழுதினதுக்கு அப்புறம், இங்கிலீஷ் வராத மாணவரும் இந்தத் துறைக்குள்ள நுழைய ஒரு வாசல் கிடைச்சது.

இப்போ அந்த சர்டிஃபிகேட் விஷயம்.

1965ல லோகூர் கமிட்டி, ஒரு சமூகத்தைப் பழங்குடின்னு சொல்ல அஞ்சு அடையாளம் சொன்னது. தொன்மையான கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் ரீதியா ஒதுங்கி இருக்கிறது, வெளி மக்களோட பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. 1994ல மாதுரி பாட்டீல் வழக்குல, பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்தது. விசாரணை அதிகாரி அந்தச் சமூகத்தோட மானிடவியல் கூறுகளைப் பார்க்கணும். என்ன சாமி, என்ன சடங்கு, கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வீங்க, எப்படிப் புதைப்பீங்க. இதை 'அஃபினிட்டி டெஸ்ட்'னு சொல்றாங்க. பொய்ச் சான்றிதழ் வாங்கி நிஜப் பழங்குடிகளோட இடத்தைப் பிடிச்சவங்க இருந்தாங்க, அதனால ஒரு சோதனை தேவைப்பட்டது. அது நியாயம்தான்.

ஆனா ஒரு பொண்ணை கற்பனை பண்ணிப் பாருங்க. தாத்தா மலையில இருந்து இறங்கி ஹார்பர்ல மூட்டை தூக்க வந்தவர். அப்பா தண்டையார்பேட்டையில ஆட்டோ ஓட்டுறார். பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிச்சு, நல்ல மார்க் வாங்கி, காலேஜ் சேரப் போகுது. ஆயா செத்தப்போ நம்ம ஏரியா சுடுகாட்டுலதான் எரிச்சாங்க. வீட்டுல மாரியம்மன் படம், பக்கத்து வீட்டுலயும் அதே படம். இப்போ அதிகாரி எதிர்ல உட்கார்ந்து உங்க குலச் சடங்கைச் சொல்லுன்னு கேட்டா, அந்தப் பொண்ணு என்ன சொல்லும்? தைரியமா நிமிர்ந்து பேசினா 'கூச்சம்' எங்கன்னு கேப்பாங்களா? படிச்சு முன்னேறினதே அதுக்கு எதிரான சாட்சி ஆயிடுது. நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஒரு பதிவு மாதிரி அது இன்னிக்கும் இருந்தாத்தான் பாஸ்.

இதை உச்ச நீதிமன்றமும் உணர்ந்திருக்கு. 2023 மார்ச்ல மூணு நீதிபதிகள் அமர்வு, அஃபினிட்டி டெஸ்ட் மட்டுமே முடிவான அளவுகோல் ஆகாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. இடம் மாறுறதும், படிப்பும், நவீன வாழ்க்கையும் ஒரு குடும்பத்தோட பழக்கங்களை மாத்தும்கிறதுதான் காரணம். இன்னொண்ணும் கேளுங்க. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கலாம்னு லோகூர் கமிட்டி சொன்னது 1965ல. அதுக்கான மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2022 டிசம்பர்ல. 57 வருஷம். ரெண்டு தலைமுறை பசங்க படிப்பை முடிக்காமலே போயிருப்பாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். கல்வித் துறையா மானிடவியல் 'நீ எந்த வகை?'ங்கிற கேள்வியைத் தாண்டி வர நூறு வருஷம் எடுத்துச்சு. அரசாங்க ஃபைல் இன்னும் அந்தப் பழைய வெர்ஷன்லதான் ஓடுது. அதனாலதான் நல்லாப் படிச்ச, களத்துல இறங்குற மானிடவியலாளர்கள் நிறைய பேர் வேணும். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், தாத்தா எங்கிருந்து வந்தார், எந்த வருஷம், கூட யார் வந்தாங்கன்னு ரிவர்ஸ் தோடர்கள்கிட்ட கேட்ட மாதிரி உறவு வரிசையைக் கேட்டு எழுதினா, அந்த அறிக்கை அவளைக் காப்பாத்தும். செக்லிஸ்ட்ல டிக் மட்டும் அடிச்சா சீட் போயிடும். ரெண்டுமே மானிடவியல்ங்கிற பேர்லதான் நடக்கும்.

அப்புறம், இந்தத் துறை இப்போ நம்மளையும் பார்க்குது. காரென் கோயல்ஹோ சென்னை மெட்ரோவாட்டர் இன்ஜினியர்களை மானிடவியல் ஆய்வு பண்ணார். லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்னவங்களுக்குத் தெரியும், அது எவ்ளோ தேவையான ஆராய்ச்சின்னு. அஜந்தா சுப்பிரமணியன் 2019ல ஐஐடி மெட்ராஸை மையமா வெச்சு, 'மெரிட்'ங்கிறதுக்குள்ள சாதி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு புத்தகமே எழுதினார். படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது உண்மை. நம்மளை ஒருத்தர் உத்துப் பார்த்து எழுதினா எப்படி இருக்கும்னு அப்போதான் தெரிஞ்சது. ஆனா ஒரு வித்தியாசம். நாம பதில் எழுதலாம், விமர்சனம் போடலாம், இந்த மாதிரி மைக் முன்னாடி உட்கார்ந்து பேசலாம். வயநாட்டுப் பெண்களுக்கு இருந்த ஒரே வழி ஓடுறது.

இந்த எபிசோடைக் கேட்கிறவங்கள்ல யாராவது ப்ளஸ் டூ பசங்க இருந்தா, வீட்டுல தம்பி தங்கச்சி இருந்தா, இதை யூபிஎஸ்சி ஆப்ஷனலா மட்டும் பார்க்காதீங்க. முக்கியமா எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துப் பசங்க. நம்மளைப் பத்தி எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க, நம்ம தெருவுல இருந்து எழுதுறவங்க இன்னும் கொஞ்சம் பேர் வந்தா நல்லா இருக்கும்.

ஒரு ஹோம்வொர்க்கும் இருக்கு. எழும்பூர் மியூசியத்துல மானிடவியல் பகுதி இன்னும் இருக்கு. ஒரு நாள் போங்க. பொருளைப் பார்த்ததும், பக்கத்துல இருக்கிற விளக்க அட்டையையும் படிங்க. அதுல யார் யாரைப் பத்திப் பேசுறாங்க, அந்த மக்கள் இப்போ உயிரோட இருக்கிற மாதிரி எழுதியிருக்கா, இல்ல முடிஞ்சுபோன மாதிரி எழுதியிருக்கான்னு கவனிங்க. பார்த்துட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, வர்றதை அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அன்னைக்குப் போய் நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க.